டேப்பட் சத்தம்: அம்பாசிடரிலிருந்து டிசையர் வரை

வாடகை கார் ஓட்டுகிறவர்களுக்கு டேப்பட் சத்தம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பானெட்டுக்கு அடியில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமெடுக்கும், விட்டால் தணியும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறைக்கு அம்பாசிடரில் கை பழகியது. அடுத்த தலைமுறைக்கு டிசையர் டீசலில். இரண்டிலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முன்னதில் அது இன்ஜின் நன்றாயிருப்பதற்கு அடையாளம், பின்னதில் எங்கோ கோளாறு என்பதற்கு. இடைப்பட்ட காலத்தில் சத்தத்தோட அர்த்தமே தலைகீழா மாறிப்போச்சு.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த வண்டி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்தது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள் இருக்கும். கேம் டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், புஷ் ராடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கும். சூடேறினால் இரும்பு நீளும். அதனால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி விட்டாக வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் இரும்பு இரும்பைத் தட்டுவதுதான் சத்தம்.

இதை வைப்பதற்கு ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு. மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுசாக அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய்யணும், ஆறாவது அமுங்கி நிற்கும்போது மூன்றாவதை. எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வரணும். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். சத்தம் பிடிக்காத ஓனர் "கொஞ்சம் டைட் வைங்கண்ணே" என்று கேட்டு மெக்கானிக்கும் இசைந்தால் இன்ஜின் அமைதியாகிவிடும். பிறகு வால்வு சரியாக உட்காராது, சூட்டுக் காற்று ஒழுகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அம்பாசிடரில் பயப்பட வேண்டியது சத்தமில்லாத டேப்பட்டுக்குத்தான்.

இந்தச் சத்தத்தை ஒழிக்க நினைத்தவர்கள் பணக்காரர்களுக்குக் கார் செய்தவர்கள். 1930இல் அமெரிக்காவில் வந்த 16 சிலிண்டர் கேடிலாக்கில் இடைவெளியை ஆயிலை வைத்து நிரப்பினார்கள். அதே யோசனை பின்னாளில் ஹைட்ராலிக் டேப்பட்டாகப் பரவியது. சின்னக் குப்பி மாதிரி ஒரு பாகம், அதற்குள் ஒரு பிளஞ்சர், ஸ்பிரிங், ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்க ஒரு குண்டு. ஆயில் பிரஷரில் பிளஞ்சர் எழும்பி இடைவெளியை மூடிக்கொள்ளும். அட்ஜஸ்ட் செய்ய ஸ்க்ரூவே கிடையாது. 1995இல் இந்தியாவுக்கு வந்த டேவூ சியலோவில் இது இருந்தது. ஆனால் சின்ன ஊர் ஷெட்டுகளுக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜின்தான். 2007இல் ஸ்விஃப்டிலும் மறு வருஷம் டிசையரிலும் வந்தது. வால்வு 16, ஹைட்ராலிக் டேப்பட்டும் 16. கேடிலாக்கில் போனவர்களுக்காக உண்டான அமைதி, கடைசியில் ஜெயங்கொண்டத்திலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வாடகை காருக்கு வந்தது!

சிக்கல், இந்த இன்ஜினை இறக்கிக் கட்டியபோது தொடங்கியது. புது பிஸ்டன், புது பேரிங், புது டேப்பட். ஸ்டார்ட் செய்தால் டிக் டிக். "என்னண்ணே, எல்லாம் புதுசுதானே?" என்பார் டிரைவர். "ஓடுனா சரியாயிடும் தம்பி" என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. காய்ந்த டேப்பட்டில் காற்று இருக்கும், ஆயில் ஏறி அது வெளியேற கொஞ்ச நேரம் பிடிக்கும். நன்றாகச் சூடேறிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால், ஓடி ஓடிச் சரியாகாது, ஓடி ஓடிக் கெடும். டிரைவருக்கோ வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் டியூவில் துண்டு விழும். இன்ஜினை மறுபடி திறப்பது யார் செலவு என்பதில் பல வருஷப் பழக்கமே முறியும்.

முதலில் அது டேப்பட்தானா என்று பார்க்கணும். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். அதனால் ஒரு டேப்பட், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் தட்டும். இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது சத்தம் மாறினால் கோளாறு எரிபொருள் பக்கம், மாறாவிட்டால் டேப்பட் பக்கம் பார்க்கலாம். டைமிங் செயினும் ஏமாற்றும், அதன் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் நிற்கிறது. நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற பழைய வித்தை இன்றும் செல்லும். ஸ்கேனரில் இந்தச் சத்தத்துக்கு எரர் கோடு வராது.

டேப்பட் என்று உறுதியானாலும் உடனே டேப்பட்டைக் குற்றம் சொல்லக்கூடாது. புள்ளம்பாடி வாய்க்கால் பாசனக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆயிலுக்கு சிலிண்டர் ஹெட்தான் கடைமடை. மேலே எங்கே கசிந்தாலும் முதலில் காய்வது கடைமடை. ஆகவே ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பிரஷர் பார்ப்பதே முதல் வேலை. பேரிங் இடைவெளி கூடியிருக்கலாம். பிதுங்கி உள்ளே விழுந்த கேஸ்கெட் பேஸ்ட் ஸ்டிரெய்னரை அடைத்திருக்கலாம். ஆயில் அளவு கூடிப்போனால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். நுரையில் பிளஞ்சர் நிற்காது.

அரியலூருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. பழங்காலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்த ஊர் இது. சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ரோடெல்லாம் தூசி கிளப்பும். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே சில மைக்ரான்தான். ரோட்டோர ஷெட்டில் ஹெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது அம்பாசிடருக்கு ஆகலாம், இதற்கு ஆகாது.

பலர் நினைத்துப் பார்க்காத இடம் லேத். வால்வு நுனியைத் தேய்க்கிறவர் ஒரு துளி கூடுதலாகத் தேய்த்தால், டேப்பட் முழுசாக எழும்பியும் இடைவெளி மூடாது. அப்போது புது டேப்பட்டை எத்தனை தடவை மாற்றினாலும் சத்தம் போகாது.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரை நிறுத்திவிட்டது. இனி இந்த இன்ஜின் ஷெட்டுக்குக் கட்டத்தான் வரும். மாட்டுவதற்கு முன்னால் டேப்பட்டைச் சுத்தமான ஆயிலில் முக்கி, காற்றை எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கணும். கல்லு மாதிரி நின்றால் மாட்டலாம். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கு. பதினாறையும் அப்படிப் பார்க்கணும்.