மதுரையின் கரிவாயு வண்டிகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பதிலாக மரக்கரி வாயுவில் பேருந்துகளும் லாரிகளும் ஓடின. 1942 ஏப்ரலில் பர்மாவின் யெனான்ஜாங் எண்ணெய் வயல்களை, ஜப்பானியர் கைக்குப் போகாதபடி பிரித்தானியரே தகர்த்தனர். பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது.

கலனில் கரி குறைந்த காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கிடைக்கும். வாயுவில் ஏறத்தாழ பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் எஞ்சினின் இழுவை குறையும்.

இத்தகைய வண்டிகள் வழியில் நின்றால், பழுது பெரும்பாலும் எஞ்சினில் இராது. மேட்டில் இழுவை படிப்படியாகக் குறைந்து நின்றால், வடிகட்டியைச் சாம்பலும் கரித்தூளும் அடைத்திருக்கும். நீண்ட இறக்கத்துக்குப் பின் நின்றால், எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைந்து தணல் அடங்கியிருக்கும். தணல் நன்றாக இருந்தும் நின்றால், மூடியிலோ குழாய் இணைப்பிலோ கசிவைத் தேட வேண்டும். ஓடும்போது காற்று உள்ளே புகும் அதே ஓட்டை வழியாக, எஞ்சின் நின்றபின் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. எனவே மூடிய கொட்டகையில் சோதிப்பது உயிருக்கே ஆபத்து.

போருக்குப் பின் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிவாயுக் கலன்கள் வழக்கொழிந்தன. சோதிக்கும் முறை மட்டும் மாறவில்லை. பழைய டீசல் லாரி விட்டுவிட்டு நின்றாலும், முதலில் பார்க்க வேண்டியவை வடிகட்டி அடைப்பும் குழாயில் காற்று புகுதலுமே.