அச்சுப்படங்களில் புதுச்சேரி வட்டார ஆடற்கலைஞர்கள்

புதுச்சேரியிலிருந்து நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைக் கடந்து கடலூர் வரை நீளும் கடலோரப் பகுதியின் ஆடல்மகளிரும் இசைவாணர்களும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரெஞ்சு அச்சுப்படங்களில் இடம்பெற்றனர்.

இவற்றுள் முதன்மையானது பியேர் சொன்னராவின் பயண நூல். 1774 முதல் 1781 வரையிலான பயணங்களைச் சொல்லும் இந்நூல் 1782இல் பாரிசில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இயற்கை ஆய்வாளரான அவர் வரைந்தவற்றைப் புவாசோன் என்பவர் செப்புத் தகடுகளில் செதுக்கினார். தெய்வங்கள், தொழில்கள், ஆடல்மகளிர், இசைக்கருவிகள் எனப் படங்கள் விரிகின்றன. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். முன்கூட்டியே திருப்பிச் செதுக்காவிட்டால் வலக்கை முத்திரை இடக்கைக்குப் போய்விடும். ஆட்டத்தைக் கண்ட கண் ஒன்று, செதுக்கிய கை வேறு என்பதால், இப்படங்களை ஆடல்முறைக்குச் சான்றாகக் கொள்ளும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை.

அதைவிடப் பெரிய குறை, கலைஞருக்குப் பெயர் இல்லாதது. ஏறத்தாழ அதே காலத்தில், 1794–95இல், ஜப்பானின் எடோ நகரில் ஓவியர் ஷராக்கு கபுக்கி நாடக நடிகர்களை மர அச்சுக்கு வரைந்தார். அங்கே நடிகரும் அச்சகமும் படம் வாங்கிய ரசிகரும் ஒரே ஊர். இன்னார், இன்ன வேடத்தில் என்று எல்லாருக்கும் தெரியும். புதுச்சேரிக் கலைஞரோ பாரிஸ் வாசகருக்கு ஒரு 'வகை' மட்டுமே. 1827–35இல் வெளிவந்த 'பிரெஞ்சிந்தியா' கல்லச்சுத் தொகுப்பும் மக்களை இப்படித்தான் காட்டியது.

1838இல் இந்நிலை மாறியது. கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்து ஆடல்மகளிர் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரருடன் பாரிசுக்குச் சென்று வரியேத்தே அரங்கில் ஆடினர். பிறகு லண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். இந்திய ஆடல்மகளைப் பற்றிப் பாரிஸ் ஏற்கெனவே ஒரு கற்பனை வைத்திருந்தது: 1830இல் மரி தால்யோனி ஒப்பேரா மேடையில் அந்த வேடத்தில் ஆடியிருந்தார். இப்போது உண்மையான கலைஞரே எதிரில் நின்றார். எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். கல்லச்சுப் படங்கள் வந்தன. பார் என்ற சிற்பி அவர்களுள் ஒருவரான அம்மணியை வெண்கலத்தில் வடித்தார். அம்மணி, தில்லே, ராம்கூன், சுந்திரூன், வெய்தூன் எனப் பிரெஞ்சு உச்சரிப்பில் திரிந்திருந்தாலும், ஐவருக்கும் பெயர் பதிவாயிற்று.