விரை இறங்காமை

ஆண் குழந்தையின் ஒரு விரையோ இரண்டுமோ விரைப்பைக்கு வந்து சேராமல் வழியிலேயே தங்கிவிடுவது விரை இறங்காமை. நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று பேருக்கு இது இருக்கும்; குறைமாதக் குழந்தைகளிடம் இன்னும் அதிகம்.

கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அவை தொடையிடுக்கிலுள்ள குறுகிய பாதை வழியே கீழிறங்குகின்றன. விரைப்பையின் வெப்பம் உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவு. விந்தணு உருவாக அந்தக் குளிர்ச்சி வேண்டும். மேலேயே தங்கிய விரையில் அதற்கான செல்கள் நாளாக ஆகக் குறைகின்றன. கூடவே குடலிறக்கமும் இருக்கலாம்; விரை முறுக்கிக்கொள்ளவும் கூடும்.

விரைப்பை வெறுமையாகத் தெரிவதெல்லாம் இக்குறையாகிவிடாது. குளிர்ந்த கை பட்டாலே சில குழந்தைகளுக்கு விரை மேலே ஏறிக்கொள்ளும்; வெந்நீரில் குளிப்பாட்டும்போதோ சம்மணமிட்டு உட்காரும்போதோ இறங்கிவிடும். இதற்கு அறுவை வேண்டாம், ஆண்டுக்கொருமுறை காட்டினால் போதும். மருத்துவர் கையைச் சூடாக்கிக்கொண்டு, இடுப்பெலும்பிலிருந்து கீழ்நோக்கி விரல்களால் மெல்லத் தடவி வருவதே சரியான சோதனை. கையில் தட்டுப்படும் விரைக்கு ஸ்கேன் தேவையில்லை. தட்டுப்படாததை ஸ்கேன் உறுதியாகக் காட்டுவதுமில்லை. அதற்காகும் பணமும் நாட்களும் பெரும்பாலும் வீண்.

பிறந்த குழந்தைக்கு இரு விரைகளுமே தட்டுப்படாவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டால் ஆண்போலத் தோன்றும் பெண் குழந்தையாக இருக்கலாம். அப்படியானால் உடலில் உப்பு குறைந்து சில வாரங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வது ஆறு மாதம் வரைதான் உண்மை. (குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆறு மாதத்தைப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.) அதன்பின் தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை முடிந்துவிடுவது நல்லது. தொடையிடுக்கில் சிறிதாகக் கீறி, விரையை அதன் இரத்தக்குழாய்களோடு விடுவித்துப் பையில் பொருத்துவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதற்கு லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி அறுவை. ஹார்மோன் ஊசியை இப்போது பரிந்துரைப்பதில்லை.

விரை இறங்காமல் பிறந்தவர்களுக்கு விரைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பருவமடையும் முன் அறுவை செய்தால் அது குறையும், அறவே நீங்காது. கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததை மகன் அறிந்திருக்க மாட்டான். பருவ வயதில் பெற்றோர் அதைச் சொல்லி, மாதமொருமுறை தானே தடவிப் பார்க்கப் பழக்க வேண்டும்.