பையில் போடும் சொற்கள்

செய்தித்தாள் கட்டுரை ஒன்றைச் சொல் சொல்லாகக் கத்தரித்துப் பையில் போட்டுக் குலுக்கி, கைக்கு வருகிற வரிசையில் எழுதினால் கவிதை என்றார் தாதா இயக்கக் கவிஞர் த்ரிஸ்தான் ஜாரா. அது 1920. இணையப் பக்கத்திலிருந்து சொற்களை உருவித் திரையில் சிதறவிடும் சிறு நிரல் (ஸ்கெட்ச்) எழுதுகிற என் மாணவர்கள் குலுக்கலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்குப் பைதான் முக்கியம்.

1952-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியை இப்படிச் சொற்களைக் குலுக்கிக் காதல் கடிதம் எழுத வைத்தார் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. ஆனால் நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்வது ஜெர்மனியின் தியோ லூட்ஸைப் பற்றி. ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பென்சேயிடம் படித்த மாணவர். 1959-இல், ஸூஸே இஸட்-22 கணினிக்குள் காஃப்காவின் ‘கோட்டை’ நாவலிலிருந்து 16 எழுவாய்களையும் 16 பயனிலைகளையும் ஏற்றினார். கோமகன், அந்நியன், கோபுரம், கிராமம், பண்ணையாள் ஒரு பக்கம். தொலைவு, இருள், அமைதி, கோபம் மறுபக்கம். தற்செயல் எண் இரண்டையும் இணைக்கும். ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப அதன் முன்னே வரும் சொல்லும் மாறவேண்டுமே, அந்தத் தகவலும் சொல்லோடு உள்ளே போனது. வெளிவந்த வாக்கியங்களில் காஃப்காவின் குளிர் அப்படியே இருக்கிறது. முப்பத்திரண்டே சொற்கள்! அவற்றைத் தேர்ந்த கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன்.

கேசி ரீஸும் பென் ஃப்ரையும் எம்.ஐ.டி.யில் 2001-இல் தொடங்கிய ‘பிராசஸிங்’ நிரல்மொழி வந்தபின் இந்தக் குலுக்கல் சில வரி வேலை. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் வரிவரியாக இறங்கும். இடைவெளி பார்த்து வெட்டி, ராண்டம் போட்டு எடுக்கலாம். இறங்குவதோ பக்கத்தின் மூலநிரல். குறிச்சொற்களைக் களைந்த பிறகும் ‘முகப்பு’, ‘உள்நுழைக’, ‘விளம்பரம்’ எல்லாம் கூடவே வந்து நிற்கும். கட்டுரைப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்காவிட்டால் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் திரையில் ஒரே கடைத்தெருதான்.

தமிழுக்கு இன்னொரு கவனம் வேண்டும். சொல்லை எழுத்தெழுத்தாகப் பறக்கவிட்டால் ‘மழை’யின் ஐகாரக் குறி தனியே கழன்றுவிடும். யூனிகோடில் ழகரத்துக்கு ஓர் எண், அந்தக் குறிக்கு வேறோர் எண். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நிரலில் சொல்லவேண்டும்.

அப்புறம் ‘ஒரு’, ‘என்று’ போன்றவை. பக்கத்தில் நாற்பது முறை வந்த சொல்லுக்குக் குலுக்கலில் நாற்பது சீட்டு. லூட்ஸின் பையில் ஒவ்வொன்றுக்கும் ஒரே சீட்டுதான். மாணவர்கள் திரும்பத் திரும்ப வருபவற்றை நீக்கிவிடுவார்கள். நான் அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். எழுதியவர் மூச்சு விட்ட இடங்கள் அவை.