தொண்டு செய்பவருக்குத் தேய்மானம் உண்டா?

ஒரு கம்பெனி லாரி வாங்கினால் வருடா வருடம் அதற்குத் தேய்மானம் எழுதுகிறார்கள். இயந்திரத்துக்கும் எழுதுகிறார்கள், மேஜை நாற்காலிக்கும் எழுதுகிறார்கள். உபயோகிக்கும் பொருள் தேயும் என்பது கணக்குப் பதிவியலின் முதல் பாடங்களில் ஒன்று. ஆனால் ஒரு தொண்டு நிறுவனத்தை இருபது வருடம் தோளில் சுமக்கும் மனிதர் தேய்வதற்கு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியைச் சேர்க்க அமெரிக்காவில் சிலர் எடுத்த முயற்சியின் வரலாறு சுவையானது.

இலவச மருத்துவமனையில் பிறந்த வார்த்தை

1967 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரி பகுதியில் டேவிட் ஸ்மித் என்ற இளம் டாக்டர் ஓர் இலவச மருத்துவமனையைத் திறந்தார். வீட்டை விட்டு வந்த ஹிப்பி இளைஞர்களும், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களும் அங்கே வந்தார்கள். அதைப் போலவே மற்ற நகரங்களிலும் இலவச மருத்துவமனைகள் முளைத்தன. பெரும்பாலும் தொண்டர்களை நம்பியே அவை நடந்தன.

நியூயார்க்கில் அப்படி நடந்த செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் உழைத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1926-ல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பி வந்த யூதர். மனோதத்துவ நிபுணர். பகல் முழுவதும் தன் சொந்த நோயாளிகளைப் பார்ப்பார். பிறகு இலவச மருத்துவமனைக்குப் போய் இரவு வெகுநேரம் வரை வேலை செய்வார்.

உற்சாகமாக வந்த தொண்டர்கள் சில மாதங்களில் களைத்துப் போவதை அவர் கவனித்தார். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, யாரையும் நம்பாத மனநிலை. அவருக்கும் அதே கதிதான். தன் பேச்சைத் தானே டேப்பில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார், தன் குரலில் இருந்த கோபமும் சோர்வும் அவருக்குப் புரிந்தன. போதையால் சீரழிந்தவர்களைக் குறிக்கத் தெருவில் புழங்கிய 'பர்ன் அவுட்' என்ற வார்த்தையை எடுத்து இந்த நிலைக்கு வைத்தார். 1974-ல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது.

இன்று ஐ.டி. கம்பெனிகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை அது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் அதை வேலை சார்ந்த ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அது கார்ப்பரேட் அலுவலகத்தில் பிறக்கவில்லை. சம்பளமில்லாமல் ஏழைகளுக்கு உழைத்த இடத்தில் பிறந்தது. அந்தக் கட்டுரையில் அவர் சொன்ன முக்கியமான விஷயம், சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை என்பதுதான். யார் அதிக ஈடுபாட்டோடு உழைக்கிறார்களோ அவர்களையே இது முதலில் தாக்குகிறது!

ஏழாம் வருடத்து ஓய்வு

அப்படியென்றால் மருந்து என்ன? மருந்து மிகப் பழையது. யூதர்களின் வேதத்தில் ஆறு வருடம் பயிர் செய்த நிலத்தை ஏழாம் வருடம் சும்மா விட வேண்டும் என்று விதி உண்டு. நிலம்கூடக் களைக்கும் என்று புரிந்துகொண்ட விவசாய சமூகம் அது. வாரத்தின் ஓய்வு நாளான 'சப்பாத்' என்பதிலிருந்து வந்ததே 'சபாட்டிக்கல்' என்ற சொல்.

இதைக் கல்வி உலகத்துக்குக் கொண்டு வந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1880-ல் அதன் தலைவர் சார்லஸ் எலியட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரை இழுக்க நினைத்தார். ஏழாம் வருடம் பாதிச் சம்பளத்தோடு விடுப்பு என்பது அவர் காட்டிய ஆசைகளில் ஒன்று. வந்தவர் யார் தெரியுமா? சமஸ்கிருத அறிஞர் சார்லஸ் லான்மன்.

பேராசிரியர்களுக்குக் கிடைத்த இந்த வசதி, சேரியில் வேலை செய்பவருக்கும் கூலித் தொழிலாளர்களை ஒன்று திரட்டுபவருக்கும் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

பணம் கொடுத்து ஓய்வு

1980-களின் இறுதியில், கறுப்பின மற்றும் பிற சிறுபான்மைச் சமூகங்களின் களப்பணியாளர்களுக்காக ஒரு நிதியுதவி தொடங்கியது. மிசிசிப்பியில் உழைத்த சார்லஸ் பானர்மேன் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். பல வருடம் உழைத்தவர்கள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வேலையை விட்டு விலகி இருக்க அது பணம் கொடுத்தது. 1992-ல் அதைப் பெற்றவர்களில் ஒருவர் டானா ஆல்ஸ்டன். நச்சுக் கழிவுகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே ஏன் கொட்டப்படுகின்றன என்று கேட்ட இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1999-ல், 47 வயதில் அவர் இறந்தார். பின்னர் அந்த உதவித்தொகைக்கு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

1997-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் டர்ஃபி அறக்கட்டளை இதே போன்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒட்டும் லேபிளைக் கண்டுபிடித்த ஸ்டான் ஏவரியின் குடும்பம் நிறுவிய அறக்கட்டளை அது. பிறகு வேறு சில அறக்கட்டளைகளும் பின்பற்றின.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? "ஏழைகளுக்கு என்று கொடுத்த பணத்தில் தலைவர் கடற்கரையில் உட்கார்ந்திருப்பதா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. அதைவிடப் பெரிய எதிர்ப்பு தலைவரின் மனதுக்குள்ளேயே இருக்கும். நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்ற பயம். நான் இல்லாமலே நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற இன்னொரு பயம்!

ஆனால் ஓய்வு கொடுக்காததற்கும் விலை உண்டு. 2006-ல் அமெரிக்கத் தொண்டு நிறுவனத் தலைவர்கள் சுமார் 2,000 பேரிடம் கேட்டபோது, நான்கில் மூன்று பேர் ஐந்து வருடத்துக்குள் பதவியை விட்டுப் போகப் போவதாகச் சொன்னார்கள். 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஐந்து திட்டங்களில் விடுப்பு பெற்ற 61 தலைவர்களை ஆராய்ந்தது. தலைவர்கள் தெளிவோடு திரும்பினார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத பலன் நிறுவனத்துக்குள் கிடைத்தது. தலைவர் இல்லாத மாதங்களில் பொறுப்பேற்ற இரண்டாம் நிலைக்காரர்கள் வளர்ந்தார்கள், நிர்வாகக் குழுக்கள் முன்பைவிடச் சுறுசுறுப்பாயின. திரும்பி வந்த தலைவர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளக் கற்றார்கள். ஒருவருக்குக் கொடுத்த ஓய்வு, அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியாக மாறியது.

பொய் லாபம்

தேய்மானம் எழுதாத கணக்கில் லாபம் கூடுதலாகத் தெரியும். அது பொய் லாபம். இயந்திரம் ஒரு நாள் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். "எங்கள் நிர்வாகச் செலவு மிகக் குறைவு" என்று பெருமையாகச் சொல்லும் பல தொண்டு நிறுவனங்களின் கணக்கும் இப்படித்தான். குறைந்து தெரியும் அந்தச் செலவை யாரோ ஒருவர் தன் தூக்கத்தாலும் உடம்பாலும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சித்திரத்துக்கு நன்கொடை கொடுப்பவர்கள், சுவருக்கும் கொஞ்சம் சுண்ணாம்பு அடிக்கக் கொடுத்தால் என்ன?