ரீலா, நிஜமா?

மீன் பிடிக்கிறவர் சொல்லும் அளவை எந்த ஊரிலும் யாரும் அப்படியே நம்புவதில்லை. இரண்டு கையையும் விரித்து ‘இத்தனை பெரிசு’ என்பார். கேட்கிறவர் மனசுக்குள் பாதியைக் கழித்துக்கொள்வார். தீர்ந்தது விஷயம். ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட ஓர் அளவு உலக சாதனைப் பட்டியலில் ஏறி, நடுவில் இறங்கி, மறுபடி ஏறி, இன்றைக்கும் உட்கார்ந்திருந்தால்?

1949 அக்டோபர் 20. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹேவர்டு என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது சிப்பெவா நீர்த்தேக்கம். அங்கே லூயி ஸ்ப்ரே என்பவர் ஒரு மீன் பிடித்தார். எடை 69 பவுண்டு 11 அவுன்ஸ். நம் கணக்கில் முப்பத்தொன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நீளம் 63.5 அங்குலம், அதாவது நம்மில் பலர் உயரம். தூண்டிலில் உயிர் மீனைக் கோத்துப் பிடித்தார். படகுக்குப் பக்கத்தில் இழுத்து வந்ததும் துப்பாக்கியால் தலையில் சுட்டார். ஆமாம், சுட்டார். அந்தக் காலத்தில் அங்கே அது சட்டப்படி சரி. பின்னால்தான் தடை வந்தது.

சுட்டுப் பிடிக்கிற அளவுக்கு அது என்ன மீன்?

மஸ்கி. முழுப் பெயர் மஸ்கெலஞ்ச். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. வட அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் மட்டும் உண்டு. இதன் பங்காளி பைக் என்கிற மீன். அது ஐரோப்பாவிலும் இருக்கிறது. இரண்டுக்கும் வாத்து அலகு மாதிரி தட்டையான வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பல். கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளி என்றால் பைக். வெளிர் உடம்பில் கறுப்புக் கோடோ புள்ளியோ என்றால் மஸ்கி. பைக் அவசரக் குடுக்கை. இரையைக் கண்டால் பாய்ந்துவிடும். மஸ்கி அப்படியில்லை. பொய் இரையின் பின்னாலேயே படகு வரைக்கும் வரும். நம்மை ஒரு பார்வை பார்க்கும். திரும்பிப் போய்விடும். ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்று சும்மா சொல்லவில்லை.

இதற்காகவே தனி ஆயுதங்கள். எட்டு, ஒன்பது அடிக் கோல். எண்பது, நூறு பவுண்டு தாங்கும் பின்னல் நூல். பல் நறுக்கிவிடாமல் இருக்க, நூல் நுனியில் ஒரு முழம் கம்பி. முள்ளை வெட்டி எடுக்க கம்பி வெட்டும் கட்டர். வீசிய இரையைச் சுற்றி இழுத்துப் படகருகே கொண்டுவந்த பிறகும் தூக்கிவிடக் கூடாது. கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு போடவேண்டும். டிரைவிங் லைசென்ஸுக்குப் போடுவோமே, அதே எட்டு. பின்னாலேயே வந்து யோசித்துக்கொண்டிருக்கிற மஸ்கி சில சமயம் அந்த வளைவில்தான் மனசு மாறிக் கவ்வும்.

சரி, லூயி ஸ்ப்ரேவுக்கு வருவோம். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சரக்கு, பிறகு மதுக்கடை என்று பிழைத்தவர். ஏற்கெனவே 1939-லும் 1940-லும் உலக சாதனை மஸ்கி பிடித்ததாக அறிவித்தவர். 1949-ல் பிடித்தது மூன்றாவது. இன்னொரு விசேஷம். அதே 1949 ஜூலையில் அதே ஹேவர்டு வட்டாரத்தில், பக்கத்து ஏரியில், கால் ஜான்சன் என்ற பத்திரிகை எழுத்தாளர் 67 பவுண்டு 8 அவுன்ஸுக்கு ஒரு மஸ்கி பிடித்து உலக சாதனை என்றிருந்தார். மூன்று மாதம்கூட முடியவில்லை, ஸ்ப்ரே முந்திவிட்டார். ஒரே வருடம், ஒரே வட்டாரம், இரண்டு உலக சாதனை. கொஞ்சம் உதைக்கிறது, இல்லையா?

1957-ல் நியூயார்க் மாநிலத்துக்காரர் ஆர்ட் லாட்டன், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 69 பவுண்டு 15 அவுன்ஸ் மீன் பிடித்தேன் என்றார். ஸ்ப்ரேவை விட நான்கே அவுன்ஸ் அதிகம். ஒரு பெரிய கத்தரிக்காய் எடை. முப்பத்தைந்து வருடம் அதுதான் உலக சாதனை. 1992-ல் ஹேவர்டு பக்கத்து மீன்பிடி வழிகாட்டி ஒருவர் பழைய போட்டோக்களைத் தோண்டி எடுத்து அலசினார். சொன்ன நீளத்துக்குப் படத்தில் இருந்த மீன் கிட்டவே வரவில்லை. லாட்டன் அவுட். நன்னீர் மீன்பிடிப்புக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ அமைப்பு மகுடத்தை மறுபடி ஸ்ப்ரே தலையில் வைத்தது. அவர் 1984-லேயே இறந்துவிட்டிருந்தார். சர்வதேச விளையாட்டு மீன்பிடி சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ. மட்டும் அவரை ஏற்கவில்லை. துப்பாக்கியால் சுட்ட மீன் எங்கள் விதியில் செல்லாது என்று, ஜான்சனுக்குக் கொடுத்தது. ஆக ஒரே மீனினத்துக்கு இரண்டு உலக சாதனை. இன்றுவரை அப்படியே.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: ஏட்டில் இருக்கிற சரக்கு கிடங்கில் இருக்கிறதா என்று போய்ப் பார். ஸ்ப்ரே விவகாரத்தில் போய்ப் பார்க்கக் கிடங்கே இல்லை. பாடம் செய்து வைத்திருந்த மீன் ஒரு தீ விபத்தில் எரிந்துவிட்டது. மிச்சம், நோட்டரி முன்னால் சாட்சிகள் போட்ட கையெழுத்தும் சில போட்டோக்களும்.

அந்த போட்டோக்களைத்தான் 2005-ல் ஓர் ஆர்வலர் குழு நிபுணர்களிடம் கொடுத்தது. போட்டோவிலிருந்து அளவெடுப்பது தனி சாஸ்திரம். படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு, கேமராவிலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, மற்றதை எல்லாம் அளப்பார்கள். மீனைக் கை நீட்டி முன்னால் பிடித்தால் ஒன்றரை மடங்காகத் தெரியும் என்பது எல்லா மீன்காரர்களுக்கும் தெரிந்த தந்திரம். அந்தக் கழிவெல்லாம் போக, ஸ்ப்ரேவின் மீன் சொன்னதைவிடச் சுமார் பத்து அங்குலம் குட்டை என்று அறிக்கை வந்தது. 2006 ஜனவரியில் ஹால் ஆஃப் ஃபேம் தீர்ப்புச் சொன்னது. போட்டோவை வைத்துச் சாட்சிகளைப் பொய்யர்கள் ஆக்க முடியாது. சாதனை செல்லும்.

அந்த அமைப்பு இருக்கிற ஊர் எது தெரியுமா? ஹேவர்டு. அதன் வாசலில் கண்ணாடி இழையில் செய்த மஸ்கி ஒன்று நிற்கிறது. 143 அடி நீளம், நாலரை மாடி உயரம். வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். அதற்குள் கல்யாணமே நடந்திருக்கிறது. ஹேவர்டு ஒரு காலத்தில் மரம் அறுத்துப் பிழைத்த ஊர். காடு தீர்ந்தது. பிறகு சோறு போட்டது ஏரியும், ஏரியைத் தேடி வரும் வெளியூர்க்காரர்களும். அந்த சிப்பெவா நீர்த்தேக்கமே 1920களில் அணை கட்டி, ஒஜிப்வே மக்களின் ஊரையும் இடுகாட்டையும் காட்டு அரிசி வயலையும் மூழ்கடித்து உண்டானது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கட்டினார்கள். அந்தக் கணக்கை யாரும் போட்டோ வைத்து அளக்கவில்லை. அப்படி உண்டான தண்ணீரின் மேல் நிற்கிற ஊருக்கு 69 பவுண்டு 11 அவுன்ஸ் என்பது மூலதனம். நீதிபதியும் ஊர்க்காரர், கட்சிக்காரரும் ஊர்க்காரர். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால்தான் ஆச்சரியம். தனிப்பட்ட முறையில் நான் ஸ்ப்ரேவை நம்பவில்லை. ஆனால் ஹேவர்டுக்காரனாகப் பிறந்திருந்தால் நம்பியிருப்பேன்.

நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ப்ரேவிடம் எந்தக் கருவியும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கியைத் தேடப் பயன்பட்ட சோனாரை, 1950களின் கடைசியில் லோரன்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பம் சாப்பாட்டு டப்பா அளவுக்குச் சுருக்கியது. பச்சைப் பெட்டி. ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பும். எதிரொலி திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். நடுவில் மீன் இருந்தால் வட்டத்தில் ஒரு வெளிச்சம் மின்னும். அதன் பிறகு காகிதத்தில் வரைகிற கருவி, எல்.சி.டி. திரை, ஜி.பி.எஸ்., படகின் இரு பக்கமும் படம் காட்டும் சோனார். 2018-ல் கார்மின் கம்பெனி விட்ட கருவியில், எதிரே மீன் நீந்துவதை நேரடி ஒளிபரப்பு மாதிரியே பார்க்கலாம். நங்கூரமே தேவையில்லை, சாட்டிலைட்டைக் கேட்டு மோட்டாரே படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். இது ஆட்டமே இல்லை என்று மஸ்கிப் போட்டிகளில் சிலவற்றில் நேரடி சோனாருக்குத் தடையே போட்டுவிட்டார்கள்.

இத்தனை வந்தும் அந்த 69-ஐ யாரும் தொடவில்லை. 

ஸ்ப்ரே ரசிகர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. 1966-ல் மினசோட்டாவில் ஆரம்பித்த மஸ்கீஸ் இன்க். போன்ற சங்கங்கள் ‘பிடி, விட்டுவிடு’ என்று ஒரு பண்பாட்டையே வளர்த்துவிட்டன. இப்போது மஸ்கியைக் கொன்றால் சக மீன்பிடிக்காரர்களே ஏசுவார்கள். தண்ணீரிலேயே வைத்து நீளம், சுற்றளவு எடுத்து, போட்டோ பிடித்து விட்டுவிடுகிறார்கள். தராசில் ஏறாத மீன் சாதனையாகாது. நியாயமான வாதம்தான். எடையை அறிய அவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி, 800-ஆல் வகு. ஸ்ப்ரே அறிவித்த 63.5 அங்குலத்தையும் 31.25 அங்குலச் சுற்றளவையும் போட்டுப் பார்த்தேன். எழுபத்தேழு பவுண்டு வருகிறது. அவர் சொன்னதைவிட எட்டு பவுண்டு கூட! மனுஷன் எடையில் கூட்டினாரா, நீளத்தில் கூட்டினாரா? சூத்திரம் உத்தேசமானது, அதைத் தூக்கில் போடும் சாட்சியாக வைத்துக்கொள்ளவும் முடியாது.

தராசில் ஏறிய மீன்களில் இந்தக் காலத்தின் பெரிய மஸ்கியாகப் பலரும் ஒப்புக்கொள்வது, 2012 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்து பெல்லேர் ஏரியில் கிடைத்தது. 58 பவுண்டு. பிடித்தவர் மஸ்கிக்காகப் போகவில்லை. பாஸ் என்கிற சின்ன மீனுக்காக, எட்டு பவுண்டு தாங்கும் நூலில் குட்டி மீனைக் கோத்துப் போட்டிருந்தார். கம்பி கிடையாது. நூல் அறுந்துவிடாமல் இரண்டு மணி நேரம் விட்டு விட்டு இழுத்தார். நீளம் அளந்தார்கள். 59 அங்குலம். ஸ்ப்ரே சொன்னதைவிட நாலரை அங்குலம் குறைவு.