பாஸ் மீன்பிடிப் படகுகளில் உயர்திறன் இயந்திரங்கள்

பாஸ் மீன்பிடிப் படகு என்பது நன்னீரில் வாழும் பாஸ் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கென வடிவமைக்கப்பட்ட, தாழ்ந்த பக்கங்களும் தட்டையான மேல்தளமும் கொண்ட விசைப்படகு ஆகும். இது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி, அங்கேயே பெருமளவில் பயன்படுகிறது. இப்படகுகள் பெரும்பாலும் 5 முதல் 6.5 மீட்டர் வரை நீளமுள்ளவை. வழக்கமாக ஒருவர் அல்லது இருவரே இதிலிருந்து மீன் பிடிப்பர். எனினும் இவற்றுள் பலவற்றில் 150 முதல் 250 குதிரைத்திறன் (ஏறத்தாழ 112 முதல் 186 கிலோவாட்) வரையிலான வெளிப்பொருத்து இயந்திரங்கள் பொருத்தப்படுகின்றன. மீனைப் பிடிக்கும் பணியில் இவ்வியந்திரத்துக்குப் பங்கில்லை. மீன் இருக்கும் இடத்துக்கு விரைவில் சென்று சேர்வதும், குறித்த நேரத்துக்குள் திரும்பி வருவதுமே இதன் பணிகள்.

பின்னணி

பாஸ் மீன் என இங்கு குறிப்பிடப்படுவது மைக்ரோப்டெரசு பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களாகும். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் என்பன இவற்றுள் தூண்டிற்காரர்களால் பெரிதும் விரும்பப்படுபவை. கடலில் வாழும் பாஸ் மீன்கள் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீர்மின்சாரத்துக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் பெரிய அணைகள் பல கட்டப்பட்டன. 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய அணைகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அணைகளின் பின்னே தேங்கிய நீரில் மூழ்கிய மரங்களும், பழைய ஓடைத் தடங்களும், நீர்த்தாவரங்களும் பாஸ் மீன்களுக்கு ஏற்ற மறைவிடங்களாயின. இந்நீர்த்தேக்கங்கள் மிக நீளமானவை. எடுத்துக்காட்டாக, அலபாமாவின் குண்டர்ஸ்வில் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 120 கிலோமீட்டரும், கென்டக்கி நீர்த்தேக்கம் ஏறத்தாழ 296 கிலோமீட்டரும் நீளமுள்ளவை. பாஸ் படகின் இயந்திரம் ஏன் பெரிதாயிற்று என்பதை அறிய இந்நீளத்தை மனதில் கொள்ளவேண்டும்.

1948இல் லூசியானா மாநிலத்தின் சிரீவ்போர்ட் நகரில் ஓம்ஸ் தர்மண்ட் என்பவர் உருவாக்கிய 'ஸ்கீட்டர்' படகு முதல் பாஸ் படகாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 தூண்டிற்காரர்கள் பங்கேற்ற போட்டியை நடத்தினார். 1968இல் 'பாஸ் ஆங்லர்ஸ் ஸ்போர்ட்ஸ்மன் சொசைட்டி' என்னும் அமைப்பை நிறுவினார். அதே ஆண்டு ஆர்கன்சாவின் பிலிப்பின் என்ற சிற்றூரில் பாரஸ்ட் வுட் 'ரேஞ்சர்' படகு நிறுவனத்தைத் தொடங்கினார். போட்டிகளும் படகுத் தொழிலும் ஒன்றையொன்று வளர்த்தன. அவற்றோடு இயந்திரத் திறனும் உயர்ந்தது.

இரு இயந்திரங்களின் பணிப் பகிர்வு

பாஸ் படகில் பொதுவாக இரு உந்துகருவிகள் உண்டு.

* வெளிப்பொருத்து இயந்திரம்: படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும் பெட்ரோல் இயந்திரம். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல மட்டும் பயன்படுவது.
* மின்னோடி: படகின் முன்பகுதியில் பொருத்தப்படும் சிறு மின் உந்துகருவி. மீன் பிடிக்கும்போது ஓசையின்றிப் படகை மெல்ல நகர்த்தவும், ஓரிடத்தில் நிறுத்தவும் பயன்படுவது. இவ்வகை மின்னோடியை 1934இல் வடக்கு டகோட்டாவின் பார்கோ நகரில் ஓ. ஜி. சிமிட் என்பவர் உருவாக்கினார்.

ஆகவே, பெரிய இயந்திரத்தின் இரைச்சல் மீனை விரட்டிவிடாதா என்ற ஐயம் இங்கு பெரும்பாலும் எழுவதில்லை. மீன்பிடி இடத்தை நெருங்கும் முன்பே அது நிறுத்தப்பட்டுவிடும்.

உயர்திறன் இயந்திரத்தைத் தெரிவு செய்வதற்கான காரணங்கள்

நேரம்

போட்டிகளில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரமே வழங்கப்படும். பயணத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தூண்டில் நீரில் இல்லாத நிமிடமாகும். மீன்பிடி இடம் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதெனக் கொண்டால், பயண நேரம் பின்வருமாறு அமையும்.

* மணிக்கு 65 கி.மீ. வேகத்தில்: ஒரு வழிக்கு 55 நிமிடம், போக வர 110 நிமிடம்.
* மணிக்கு 110 கி.மீ. வேகத்தில்: ஒரு வழிக்கு 33 நிமிடம், போக வர 66 நிமிடம்.

இதனால் மிச்சமாவது ஏறத்தாழ 45 நிமிடம். இது எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும். பாஸ் மீன்கள் பருவம், நீரின் வெப்பநிலை, இரை ஆகியவற்றுக்கேற்ப இடம் மாறுபவை. ஆகையால் தூண்டிற்காரர் ஒரே நாளில் பல இடங்களைச் சோதிக்க நேரிடும். ஒவ்வோர் இடமாற்றத்திலும் இம்மிச்சம் கூடுகிறது.

காலையில் படகுகள் வரிசை எண்ணின்படி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. நல்ல இடத்தை முதலில் அடைந்தவருக்கே அங்கு மீன் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். பின் வரிசையில் புறப்பட்டவர் இக்குறையை வேகத்தால் ஓரளவு ஈடுசெய்ய முடியும்.

மாலையில் திரும்பும் நேரமும் முதன்மையானது. மேற்கூறிய அமைப்பின் போட்டி விதிகளின்படி, தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) எடை கழிக்கப்படும். 15 நிமிடங்களுக்கு மேல் தாமதமானால் அன்றைய மீன்கள் எதுவும் கணக்கில் வாரா. பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஐந்து மீன்களின் எடையே கணக்கிடப்படுவதால், சில நிமிடத் தாமதமே பல நாள் உழைப்பை வீணாக்கக்கூடும்.

நீர்மேல் வழுக்கும் நிலை

மெதுவாகச் செல்லும் படகு தன் எடைக்கு நிகரான நீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு செல்கிறது. இந்நிலையில் 5.5 மீட்டர் நீளமுள்ள படகின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கி.மீ. என்ற அளவில் தடைபடுகிறது. இதற்கு மேல் செல்ல முயன்றால், படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏறவேண்டியிருக்கும். முன்பகுதி மேலே தூக்கி, பின்பகுதி அமிழ்ந்து, நீரின் தடை மிகுகிறது. போதிய திறன் இருந்தால் படகு இம்மேட்டைத் தாண்டி நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கும். அப்போது படகின் எடையில் பெரும்பகுதியை, அடிப்பாகத்தின் மீது மோதும் நீரின் அழுத்தமே தாங்குகிறது. நனையும் பரப்பும் குறைகிறது.

பாஸ் படகின் அடிப்பாகத்தில், பின்புறத்தில் ஒடுங்கிய தட்டைப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். உயர் வேகத்தில் படகு ஏறத்தாழ இப்பகுதியின் மீதே செல்கிறது. திறன் குறைந்த இயந்திரம் மேட்டைத் தாண்ட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஆழம் குறைந்த நீரில், முன்பகுதி தூக்கியவாறு நீண்ட தொலைவு செல்வது உந்துவிசிறிக்கும் படகுக்கும் கேடு விளைவிக்கும். முன்பகுதி மறைப்பதால் எதிரே இருப்பதும் தெரியாது.

சுமை

பார்வைக்குச் சிறிதாயினும் பாஸ் படகு சுமை மிக்கது. இருவர், பல தூண்டில் கோல்கள், எரிபொருள், மின்னோடிக்கான மின்கலங்கள் (36 வோல்ட் அமைப்புக்கு 12 வோல்ட் மின்கலங்கள் மூன்று) ஆகியவை இதில் ஏற்றப்படுகின்றன. 1972இல் ரே ஸ்காட், பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடும் முறையைப் போட்டிகளில் பரப்பத் தொடங்கினார். அதன்பின், காற்றூட்டப்பட்ட உயிர்மீன் தொட்டி இன்றியமையாததாயிற்று. தொட்டியில் 100 லிட்டர் நீர் நிரம்பினால் படகின் எடை 100 கிலோ கூடும். 250 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்றே ஏறத்தாழ 230 கிலோ எடையுள்ளது. வெறும் படகை எளிதில் உந்தும் இயந்திரம், முழுச் சுமையுடன் திணறலாம்.

மிகுதித் திறன்

பெரிய இயந்திரத்தை வாங்குவோர் எப்போதும் முழு வேகத்தில் செல்வதில்லை. மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, பெரிய இயந்திரம் தன் திறனில் ஒரு பகுதியையே பயன்படுத்திக் குறைந்த சுழற்சி வேகத்தில் ஓடும். அதே வேகத்துக்குச் சிறிய இயந்திரம் முழு விசையில் ஓடவேண்டியிருக்கலாம். எனவே பெரிய இயந்திரம் எல்லா வேளையிலும் அதிக எரிபொருள் செலவழிக்கும் என்று கூறவியலாது. முழு விசையில் ஓடும் 250 குதிரைத்திறன் இயந்திரமோ மணிக்கு ஏறத்தாழ 90 லிட்டர் பெட்ரோலைச் செலவிடும்.

பிற காரணங்கள்

மறுவிற்பனை மதிப்பு, விளம்பரதாரர்களின் ஆதரவு, சக தூண்டிற்காரர்களிடையே பெருமிதம் ஆகியனவும் தெரிவில் பங்கு வகிக்கின்றன.

திறனுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு

வழுக்கும் படகுகளின் வேகத்தைக் கணிக்க, குரவுச் வாய்பாடு எனப்படும் எளிய விதி பயன்படுகிறது. இதன்படி, படகின் வேகம், திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது.

எடையில் ஏற்படும் மாற்றத்தைப் புறக்கணித்தால், 150 குதிரைத்திறனிலிருந்து 250க்கு மாறும்போது திறன் 67 விழுக்காடு கூடுகிறது. வேகமோ 29 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. மறுதலையாக, 250 குதிரைத்திறனில் மணிக்கு 110 கி.மீ. செல்லும் படகு, மணிக்கு 65 கி.மீ. செல்ல ஏறத்தாழ 90 குதிரைத்திறனே போதும். முன்னர்க் கூறிய 45 நிமிடங்களின் உண்மையான விலை, இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள 160 குதிரைத்திறன் எனலாம்.

இயந்திரங்களின் வளர்ச்சி

எடை குறைவு, விரைந்த முடுக்கம் ஆகிய காரணங்களால் பாஸ் படகுகளில் நெடுங்காலம் இருவீச்சு இயந்திரங்களே விரும்பப்பட்டன. இவற்றின் பழைய வகைகள் எரியாத எரிபொருளில் ஒரு பகுதியை நீரிலும் காற்றிலும் வெளியேற்றின. 1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்பொருத்து இயந்திரங்களின் புகை வெளியேற்றத்துக்கு வரம்பு விதித்தது. இதன் விளைவாக, எரிபொருளை நேரடியாக உருளைக்குள் செலுத்தும் இருவீச்சு இயந்திரங்களும், நால்வீச்சு இயந்திரங்களும் பரவின. 2020இல் எவின்ரூட் இயந்திரங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பின், இப்படகுகளுக்கான புதிய உயர்திறன் இயந்திரங்களின் சந்தையில் மெர்க்குரி, யமகா முதலிய நிறுவனங்களின் நால்வீச்சு இயந்திரங்களே முதன்மை பெற்றன.

சட்ட வரம்புகள்

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகளின்படி, 20 அடிக்குக் குறைந்த நீளமுள்ள வெளிப்பொருத்து இயந்திரப் படகுகளில் உச்சத் திறனைக் குறிக்கும் தகடு இருக்கவேண்டும். சுக்கான் சக்கரமும், குறைந்தது 20 அங்குல உயரமுள்ள பின்பலகையும் கொண்ட வழக்கமான பாஸ் படகுக்கு இது பின்வருமாறு கணக்கிடப்படுகிறது.

* படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கவேண்டும்.
* பெருக்கற்பலனை இரட்டித்து, அதிலிருந்து 90ஐக் கழிக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 19 அடி நீளமும் 7.5 அடி பின்பலகை அகலமும் கொண்ட படகுக்குப் பெருக்கற்பலன் 142.5. இதன் இருமடங்கு 285. இதிலிருந்து 90ஐக் கழித்தால் 195 குதிரைத்திறன் வரும். பல போட்டி அமைப்புகள், தகட்டிலுள்ள அளவை மீறிய இயந்திரங்களை அனுமதிப்பதில்லை. பென்சில்வேனியா, நியூ செர்சி முதலிய மாநிலங்களில், மின்னோடிக்கு மட்டுமே அனுமதியுள்ள நீர்நிலைகளும் உள்ளன.

பாதுகாப்பு

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் செல்லும் படகு ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. படகுக்குத் தடுப்பான் (பிரேக்) கிடையாது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல் இது ஏறத்தாழ 2.9 மடங்காகும். நீரில் மறைந்துள்ள மரக்கட்டை, பிற படகு எழுப்பிய அலை, படகு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாயும் அலைவு ஆகியன ஓட்டுநரை வெளியே தூக்கி எறியக்கூடும். ஓட்டுநர் இல்லாத படகு வட்டமிட்டு வந்து, நீரில் கிடப்பவரையே மோதும் ஆபத்தும் உண்டு.

இதனைத் தடுக்கவே துண்டிப்பு விசை பயன்படுகிறது. ஓட்டுநரின் உயிர்காப்பு உடையுடன் நாடாவால் இணைக்கப்பட்டுள்ள இவ்விசை, அவர் இருக்கையிலிருந்து விலகினால் இயந்திரத்தை நிறுத்திவிடும். பாஸ் போட்டிகள் இதனை நெடுங்காலமாகக் கட்டாயமாக்கியிருந்தன. 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான விசைப்படகுகளில், வழுக்கும் வேகத்தில் செல்லும்போது இதனை அணிந்திருக்கவேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமாயிற்று.

விமர்சனங்கள்

போட்டியில் பங்கேற்காத, சிறிய ஏரிகளில் மீன் பிடிக்கும் ஒருவருக்கு 250 குதிரைத்திறன் தேவையில்லை என்பது பொதுவான விமர்சனம். பலத்த காற்றில் அலைகள் எழும்போது எவ்வளவு பெரிய இயந்திரமாயினும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். மேலும், கரடுமுரடான நீரில் நெடுந்தொலைவு விரைவது தொட்டியிலுள்ள மீன்களை வருத்தும். இறந்த மீனுக்குப் போட்டிகளில் எடை கழிக்கப்படுவதால், விரைவால் பெற்றதில் ஒரு பகுதியை இழக்கவும் நேரிடும்.

2020இல் துடுப்புப் படகுகளுக்கான தனிப் போட்டித் தொடர் ஒன்றையும் மேற்கூறிய அமைப்பு தொடங்கியது. மீனைக் கண்டறியும் திறமை இயந்திரத்தைச் சார்ந்ததன்று என்பதற்கு இது சான்றாகும். உயர்திறன் இயந்திரம் அத்திறமையைக் காட்டுவதற்கான நேரத்தை மட்டுமே கூட்டித் தருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* வெளிப்பொருத்து இயந்திரம்
* குதிரைத்திறன்
* தூண்டில் மீன்பிடிப்பு
* டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்